"காட்டுக்குள்ள போகலை டாக்டர், பழைய தோட்டத்துலதான் உட்கார்ந்தோம்"

மழை ஓய்ந்ததிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு வாரமாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவு. டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்தும் பப்பாளி இலைச் சாறு குடித்துக்கொண்டிருப்பார்கள். கொடைக்கானல் மலைக்குப் போனீர்களா என்று கேட்டால், "வெள்ளகவி கிராமம் வழியா நடந்தோம், ஆனா காட்டுக்குள்ள போகலை."

பிரச்சினையே அந்தத் தோட்டம்தான். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்குக் குதிரையிலும் டோலியிலும் ஏறிய மலை அது. இப்படிப்பட்ட பழைய பாதைகளின் ஓரத்தில் கைவிட்ட காப்பித் தோட்டம், கல்லடுக்கு வரப்பு, இடிந்த சுவர் எல்லாம் கண்ணில் படும். அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சலுக்கு ஏற்ற இடமும் அதுதான். அடர்ந்த சோலையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். மரத்தை வெட்டித் திருத்திப் பிறகு போட்டுவிட்டுப் போன நிலத்தில் பாய் விரிக்கிறீர்கள். அங்கே புல்லும் உண்ணிச்செடியும் மண்டும், கல் இடுக்கில் எலியும் மூஞ்சூறும் குடியேறும், அவற்றை அண்டி இந்த நோயைப் பரப்பும் பூச்சியும் பெருகும். ஒரு வரப்பில் மொய்க்கும், அடுத்த வரப்பில் ஒன்றுகூட இருக்காது.

"ஒண்ணும் கடிக்கலையே?" கடித்தது தெரியாது. நாய், மாட்டின் மேல் பார்க்கிற உண்ணி இல்லை இது. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத, 'மைட்' என்கிற சிற்றுண்ணியின் இளம்புழு. காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் ஆகும், அதற்குள் பயணமே மறந்திருக்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு வரலாம். வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் தேட வேண்டும். அண்மையில் ஒருவருக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்தது. (இளம் மருத்துவர்களே, தேடிப் பாருங்கள். பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.)

அமாக்ஸிசிலின், செஃபிக்ஸைம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளினை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு இறங்காதீர்கள். முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் திணியுங்கள். டீட் (DEET) என்கிற மருந்து கலந்த பூச்சிவிரட்டி தடவுங்கள். கழற்றிய சட்டையைப் புல்லில் போட வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள்.

அப்புறம், மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே நடந்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.