நெடுந்தூர மலைப்பயணத்துக்கு முன் இறங்கிப் பழகுங்கள்

நீண்ட மலைப்பயணத்துக்கு நாள் குறித்துவிட்டு, புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு சிறிய மலையை ஒத்திகையாக ஏறிப் பார்த்து, வீங்கிய முழங்காலுடன் இயன்முறை மருத்துவரான என்னைத் தேடி வருவோர் குறைந்தபாடில்லை. அண்மையில் வந்த ஒருவரை ஒரு படியின் மேல் நிறுத்தி, ஒற்றைக் காலில் நின்றபடியே மறுகாலின் குதிகாலை மெதுவாகத் தரைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பாதி இறங்குவதற்குள் தொடை நடுங்கியது. முழங்கால் உட்புறமாகச் சரிந்தது. கை தானாகச் சுவரைத் தேடியது. “ஏறும்போது ஒன்றுமே தெரியவில்லை டாக்டர், இறங்கும்போதுதான் வந்தது. ஊசி போட்டு எப்படியாவது அனுப்பிவிடுங்கள்” என்றார். வருகிற எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

ஏறுவதுதான் கடினம், உச்சியைத் தொட்டுவிட்டால் மீதி தானாக நடந்துவிடும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ஆகவே உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. இறக்கத்தில் மூச்சு சீராகிவிடுவதால் உடல் ஓய்வெடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையையும் முதுகுப்பையின் எடையையும் தடுத்து நிறுத்துவது முன்தொடைத் தசைதான். அதுவும் சுருங்கியபடி அல்ல, இழுபட்டு நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசையில் இந்த வேலை நுண்ணிய சிதைவுகளை ஏற்படுத்துகிறது. வலி அன்றே முழுமையாகத் தெரியாது; பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். களைத்த தசை பிடிமானத்தை விட்டுவிடும்போது சுமை முட்டிச்சில்லின் மீது விழுகிறது. சமதளத்தில் தினமும் ஒரு மணி நேரம் நடப்பதும், டிரெட்மில்லைச் சாய்த்து வைத்து நடப்பதும் நுரையீரலுக்கு நல்லவை. இறக்கத்துக்கு அவை கைகொடுக்கா. மாடிப்படி ஏறிப் பயிற்சி எடுப்பவர்களில் எத்தனையோ பேர் லிப்டில் இறங்குகிறார்கள் என்பதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் உழைத்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பில் முன்போலச் சிதைவதில்லை. ஒத்திகைக்கு ஏறும் சிறிய மலையின் பயனே இதுதான். அதனால் அந்த மலையைப் பயணத்துக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே ஏறி இறங்குங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் முயலாதீர்கள். முதுகுப்பையில் முதலில் பாதிச் சுமை போதும். பயணத்தில் அணியப்போகும் அதே ஷூவையும் காலுறையையும் அணியுங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முனையில் இடித்தால் அந்த அளவு உங்களுக்குச் சரியல்ல; நகம் கறுப்பது அதனால்தான். தோலில் எரிச்சல் தொடங்கிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளமாகும் வரை காத்திருக்காதீர்கள். ஊன்றுகோல்களின் நீளத்தை இறக்கத்தில் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். அவை முதியவர்களுக்கு மட்டுமானவை அல்ல.

நேரக் கணக்கிலும் இதே தவறு நடக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஒதுக்குகிறது. செங்குத்தான இறக்கத்துக்கு அதில் தனி ஒதுக்கீடு இல்லை. அதை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயணம் 2,500 மீட்டருக்கு மேல் செல்லுமானால், தாழ்வான மலையில் பெற்ற பயிற்சி, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயிலிருந்து காக்காது. அதற்கு மெல்ல உயரம் கூட்டுவதே முதன்மையான வழி.

வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்கத் தொடங்காதீர்கள். அது எச்சரிக்கையை மறைக்கும். உடலில் நீர் குறைந்திருக்கும்போது சில வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடும் தசைவலியோடு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முழங்கால் சில மணி நேரத்துக்குள் வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பணம் கட்டியாயிற்று, விடுப்பும் வாங்கியாயிற்று என்று பார்க்காமல் பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நடுவழியில் கால் மறுத்துவிட்டால், திரும்பி வருவதற்கும் இறங்கித்தான் ஆக வேண்டும்.