முதலில் முழங்கை ஒழுங்காக மடங்கட்டும்

ரிக்கிங், அதாவது 3டி கதாபாத்திரத்தை அசைக்க அதன் மாடலுக்குள் எலும்புக்கூட்டைப் பொருத்தும் வேலையை, கற்க வருகிறவர்களில் பலருக்கு முகத்தின் மீதுதான் ஆசை. புருவம் ஏற வேண்டும், உதடு சுழிக்க வேண்டும், அனிமேட்டர் பிடித்து அசைக்கும் கண்ட்ரோலர்கள் திரையில் கலர் கலராக நிற்க வேண்டும். ஆசையில் தவறில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவரும் ரிக்கில் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அக்குள் உள்ளே இழுபட்டு, தோள் இருந்த இடமே தெரியாமல் போகிறது. கைகளை இருபுறமும் நீட்டி டி-போஸில் நிற்கும் வரை எல்லா ரிக்கும் அழகுதான். அசைத்தால்தான் வண்டவாளம் தெரியும்.

புதியவர்களின் ரிக்குகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கிறது: ஜாயிண்ட் (ரிக்கின் மூட்டு) வைத்த இடம், வெயிட் பிரித்த விதம்.

முன்பக்கப் பார்வையில் கைக்கு நடுவே ஜாயிண்ட் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். முழங்கை ஜாயிண்டைச் சதையின் நடுவில் வைக்காமல், எலும்பு புடைத்துத் தெரிகிற பின்பக்கத்தை ஒட்டி வையுங்கள். முழங்கால் நேரெதிர், முன்பக்கத்தை ஒட்டி வைத்தால்தான் மடக்கும்போது முட்டி முட்டியாகத் தெரியும். தொடை ஜாயிண்டைப் பலர் பெல்ட் கட்டும் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். நின்றபடி ஒரு காலைத் தூக்கி, மடிப்பு எங்கே விழுகிறது என்று உங்கள் உடம்பிலேயே தொட்டுப் பாருங்கள். ஜாயிண்ட் ஏறக்குறைய அந்த மட்டத்தில் வர வேண்டும்.

மாடலில் கை கால் நேராக இருந்தாலும் ஜாயிண்ட் சங்கிலியில் முழங்கையிலும் முழங்காலிலும் சிறு வளைவு விடுங்கள். இல்லையென்றால் ஐகே (கையையோ பாதத்தையோ நகர்த்தினால் நடு மூட்டு தானாக மடங்கும் முறை) போட்டதும் எந்தப் பக்கம் மடக்குவது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அச்சுகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். விரலை மடக்க ஒரே அச்சைச் சுழற்றினால் போதுமா? இரண்டு மூன்று அச்சுகளை மாற்றி மாற்றித் திருக வேண்டியிருந்தால் ஓரியண்டேஷன், அதாவது ஜாயிண்டின் அச்சுகள் நோக்கும் திசை, தப்பு. ஸ்கின் பைண்ட் செய்வதற்கு, அதாவது மாடலின் மேற்பரப்பை ஜாயிண்ட்களோடு இணைப்பதற்கு, முன் இது சில நிமிட வேலை. பைண்ட் செய்து வெயிட்டும் பெயிண்ட் செய்தபின் என்றால் தலைவலிதான்.

இனி வெயிட். மாடலின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு வெர்டெக்ஸையும் (புள்ளியையும்) எந்தெந்த ஜாயிண்ட் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் வெயிட். அதை மாடல் மீது பிரஷ்ஷால் தடவிக் கொடுப்பதுதான் பெயிண்ட் செய்வது. எல்லாம் சேர்ந்து 1 வர வேண்டும். வழக்கமான ஸ்கின்னிங் முறை இதில் வெறும் சராசரிதான் எடுக்கிறது. அந்தச் சராசரி எங்கே காலை வாருகிறது என்று பார்க்க, முன்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெர்டெக்ஸ் முழங்கைக்குப் பாதி, மணிக்கட்டுக்குப் பாதி என்று இருக்கிறது. மணிக்கட்டை 180 டிகிரி திருப்புங்கள். முழங்கை அந்தப் புள்ளியைக் கையின் மேல்பக்கத்தில் வைக்கச் சொல்கிறது, மணிக்கட்டு கீழ்ப்பக்கத்தில். இரண்டுக்கும் நடு எது? கையின் மைய அச்சு. அந்த வளையத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் அந்த அச்சிலேயே போய் விழ, முறுக்கிய மிட்டாய்த் தாள் போலக் கை ஒடுங்கிவிடுகிறது. எத்தனை மணி நேரம் பெயிண்ட் செய்தாலும் இது போகாது. கோளாறு கணக்கில் இருக்கிறது.

தீர்வு உடற்கூற்றிலேயே உண்டு. உள்ளங்கையைத் திருப்பும்போது மணிக்கட்டு மட்டும் சுழல்வதில்லை. முன்கையின் ஓர் எலும்பு மற்றொன்றின் மீது குறுக்காகப் படிகிறது, திருகல் முன்கை நெடுகப் பரவுகிறது. அதையே ரிக்கிலும் செய்யுங்கள்: முன்கையில் இரண்டு மூன்று ட்விஸ்ட் ஜாயிண்ட்களை வைத்து மணிக்கட்டின் திருப்பத்தைப் படிப்படியாகப் பங்கிடுங்கள். டூயல் குவாட்டர்னியன் ஸ்கின்னிங் என்ற முறையும் இருக்கிறது. அதில் கை ஒடுங்காது, ஆனால் மடங்கும் இடத்தில் கொஞ்சம் உப்பும். கேமுக்கான ரிக் என்றால், ஒரு வெர்டெக்ஸுக்கு நான்கு ஜாயிண்ட் என்பது பல இடங்களில் உள்ள வரம்பு. தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிட் பெயிண்ட் செய்வதற்கு முன், கைகால்களை எல்லைவரை மடக்கித் திருப்பும் ஒரு டெஸ்ட் அனிமேஷனைக் கீ போட்டு (டைம்லைனில் நிலைகளைப் பதிந்து) வைத்துக்கொள்ளச் சொல்வேன். குந்தி உட்காருவது, கையை மேலே தூக்குவது, இடுப்பைத் திருப்புவது, இப்படி. டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்தபடியே பெயிண்ட் செய்யுங்கள். முதலில் ஒவ்வொரு பகுதியையும் ஒரே ஜாயிண்டுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லைகளை மென்மையாக்குவது நல்லது. ஆரம்பத்திலிருந்தே மெல்லிய பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனால், கால் கட்டைவிரல் அசையும்போது காதோரம் ஏதோ நடுங்கும்!

முழங்கையில் குறைந்தது மூன்று எட்ஜ் லூப் (கையைச் சுற்றி வளையமாக ஓடும் கோடு) இல்லாத மாடல் வந்தால் தயங்காமல் மாடலரிடம் திருப்பிக் கொடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, இல்லாத ஜியோமெட்ரியோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ரிக்கைத் தானாக அமைத்துத் தரும் ஆட்டோ ரிக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் இலவசம், ரிகிஃபை என்ற ஆட்டோ ரிக் கருவி அதனுடனேயே வருகிறது. ஆனால் அதிலும் மாதிரி எலும்புகளை மாடலுக்குள் பொருத்தி வைப்பது நீங்கள்தான். மிக்சாமோ என்ற இணையக் கருவியிலும் தாடை, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் எங்கே என்று நீங்கள்தான் குறித்துக் கொடுக்கிறீர்கள். குறித்த இடம் பிசகினால் வரும் ரிக்கும் பிசகும். அதனால் ஒரு முழு உடம்பையாவது கையாலேயே ரிக் செய்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

முடித்ததும் ரிக்கை ஓர் அனிமேட்டரிடம் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கண்ட்ரோலரைப் பிடிக்க அவர் நான்கு முறை கிளிக் செய்கிறாரா? எல்லா மதிப்பையும் பூஜ்யமாக்கினால் கதாபாத்திரம் பழைய நிலைக்கு வருகிறதா? தேவையில்லாத ஸ்கேல் (அளவை மாற்றும்) சேனல்களைப் பூட்டியிருக்கிறீர்களா? தலையைத் திருப்பிக் குனியவைக்கும்போது கிம்பல் லாக் வந்து, அதாவது இரண்டு சுழற்சி அச்சுகள் ஒன்றாகிவிட, ஓர் அச்சு செத்துப்போகிறதா? வந்தால் ரொட்டேஷன் ஆர்டரை (அச்சுகள் சுழலும் வரிசையை) மாற்றிக் கொடுங்கள். அனிமேஷன் தொடங்கிய பிறகு அதை மாற்றினால் அவர் போட்ட கீ எல்லாம் குலைந்துவிடும்.

அவர் சொல்லும் குறைகளை எழுதிக்கொண்டு திருத்துங்கள். ஆனால் அடுத்த வெர்ஷனில் கண்ட்ரோலர்களின் பெயர்களில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.