கிராஃப்ட் பீர்: கைவினையா, கைப்பக்குவமா?

கிராஃப்ட் பீர், அதாவது பேராலைகளைச் சாராத தனி ஆலைகள் தங்கள் பாணியில் செய்யும் பீர். அந்தத் தொழிலைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் தமிழ் வசன வரிகளோடு போட்டால், முடிந்த பிறகு எழும் பேச்சில் பாதி படத்தைப் பற்றியதாக இருக்காது. சொல்லைப் பற்றியதாக இருக்கும். "டிராஃப்ட் பீர்தானே, கோப்பிக்கடையில குழாயில பிடிச்சுக் கொடுப்பாங்களே?" என்று ஒரு பெரியவர் கேட்பார். "கைவினைன்னு எழுதியிருக்கு, அங்க பார்த்தா எல்லாம் மிசினா இருக்கு" என்பார் அடுத்தவர். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "சாராயம் வடிக்கிறதைப் புள்ளைங்களுக்கு எதுக்குக் காட்டணும்?" என்று எழுந்துவிடுவார். யாராவது ஒருவர், "அப்போ நம்ம தென்னங்கள்ளும் கிராஃப்ட்தானே?" என்று முடிச்சுப் போடுவார். இவற்றில் அசட்டுக் கேள்வி ஒன்றுகூட இல்லை. பழுது வசன வரிகளில் இருக்கிறது.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிராஃப்ட் என்பது 'இழு' என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பீப்பாயிலிருந்து இழுத்து ஊற்றுவது டிராஃப்ட். அது பீர் வகையின் பெயரன்று, பரிமாறும் முறையின் பெயர். பேராலையில் செய்த பீரும் டிராஃப்டாக வரும், கிராஃப்ட் பீரும் டிராஃப்டாக வரும். தமிழில் 'பீப்பாய் பீர்' என்றால் போதும். பீப்பாயே போர்த்துகீசியரிடம் வாங்கிய சொல்தான். வாங்கி நாளாகிவிட்டது, இனி நம்முடையது.

கிராஃப்ட் வேறு கதை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வலிமை என்றுதான் முதற்பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் 'கிராஃப்ட்' என்றால் வலிமைதான். ஆங்கிலத்தில் மட்டும் அது உடல் வலிமையிலிருந்து திறமைக்கும், திறமையிலிருந்து தொழில் நுணுக்கத்துக்கும் நகர்ந்தது. பீரோடு அது ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தி. 1976இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் தொடங்கிய நியூ ஆல்பியன் ஆலையை இந்த அலையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். வீட்டில் பீர் செய்வதை அனுமதிக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அதன்பின் சமையலறையில் பழகியவர்கள் ஆலை திறக்கத் தொடங்கினார்கள். பேராலை பீரிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது. முதலில் 'மைக்ரோ' என்றார்கள். ஆலைகள் வளர்ந்தபின் அது பொருந்தவில்லை, 'கிராஃப்ட்' நிலைத்தது.

இங்கேதான் 'கைவினை பீர்' என்ற மொழிபெயர்ப்பு வழுக்குகிறது. கைவினை என்றதும் நமக்குக் கூடை முடைவதும் பானை வனைவதும் நினைவுக்கு வரும். திரையிலோ துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, பம்பு, கணினித் திரை. பார்ப்பவர் ஏமாற்று என்று நினைப்பதில் வியப்பில்லை. சிறியது என்ற பொருளும் நாம் நினைப்பதுபோல் இல்லை. அமெரிக்க ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் சொல்லும் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய் வரை செய்பவரும் கிராஃப்ட் ஆலைக்காரர்தான். அமெரிக்கக் கணக்கில் ஒரு பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர். பெருக்கிப் பாருங்கள், 70 கோடி லிட்டர் வருகிறது. உண்மையில் சிறிய ஆலையான மைக்ரோபுரூவரிக்கு வரம்பு 15,000 பீப்பாய், அதாவது ஏறத்தாழ 17.5 லட்சம் லிட்டர். அந்த வரையறையில் கறாரான நிபந்தனை அளவன்று, உடைமை. கிராஃப்ட் ஆலை அல்லாத வேறொரு மதுபான நிறுவனத்தின் கையில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது. படத்தில் ஓர் ஆலை விற்கப்படும் காட்சி வந்து எல்லாரும் முகம் வாடுகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். அன்றைக்கும் மறுநாளைக்கும் தொட்டியில் இருப்பது ஒரே பீர்தான், பெயர் மட்டும் பறிபோகிறது.

ஆகவே தமிழ்ச் சொல் கையால் செய்ததையும் சுட்டக்கூடாது, சிறியதையும் சுட்டக்கூடாது; செய்பவரின் தனித்தன்மையைச் சுட்ட வேண்டும். அதற்கு நம் அடுப்படியிலேயே ஒரு சொல் இருக்கிறது: கைப்பக்குவம். மசாலா ஒன்று, அளவு ஒன்று, ஆனாலும் அத்தை வைக்கும் குழம்பு அம்மா வைக்கும் குழம்பாகாது. மிக்சியில் அரைத்தாலும் கைப்பக்குவம் கைப்பக்குவம்தான், இயந்திரம் அதைக் கெடுப்பதில்லை. 'கைப்பக்குவ பீர்' என்று வசன வரியில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது கேள்வி எழாது.

பின்வரிசை அம்மாவின் கோபம் இவ்வளவு எளிதில் தீராது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடை, நிர்வாகமும் அரசாங்கமும் அறிந்தே, உரிமத்தோடு நடந்தது. சம்பள நாளில் கைக்காசு லயத்துக்கு வருமுன் அங்கே போயிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தியது. கள்ளுக்குப் பின் வந்த சம்சு என்ற சாராயம் இன்னும் மோசம். 'மூன்று முறை காய்ச்சியது' என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்த மண்ணில் 'வடிச்சது' என்ற சொல் காதில் விழுந்தால் நினைவுக்கு வருவது சம்சுதான், பீர் அன்று.

ஆனால் பீர் வடிக்கப்படுவதே இல்லை. 'மது வடிப்பாலை', 'பீர் வடித்தல்' என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. வடித்தல் சோறு வடிப்பதைப் போன்ற எளிய சொல்லாகத்தான் பிறந்தது. நீரை இறுப்பது என்ற அளவில் பீருக்கும் அது பொருந்தும். இன்றைய வழக்கில் அது காய்ச்சி வடித்தலைக் குறிக்கிறது: புளித்த ஊறலைச் சூடேற்றி, 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் எத்தனாலை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிப்பது. இதில் வருவது 30, 40 விழுக்காட்டுச் சாராயம். பீரில் ஆவியைப் பிடிக்கும் வேலையே கிடையாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று விட்டுவைப்பதே அதன் ஆல்கஹால், பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு.

பீர் செய்வதைக் குறிக்கும் புரூ என்ற ஆங்கில வினையும் 'கொதி, குமிழியிடு' என்ற மிகப் பழைய வேரிலிருந்து வந்ததுதான். மொழிபெயர்ப்பவர் 'காய்ச்சுதல்' என்று போடுவதற்கு அது காரணமாக இருக்கலாம். அதுவும் அரைகுறை, ஏனென்றால் கொதிக்கவைப்பது நடுவில் வரும் ஒரு மணி நேரம் மட்டும். 20 லிட்டர் தொகுதிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். முளைகட்டி உலர்த்தி உடைத்த வாற்கோதுமை ஏறத்தாழ 5 கிலோ. அதை 65 முதல் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளையிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சூடு 72, 73க்கு ஏறினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிகுந்து, பீர் கனத்து இனிக்கும். 80ஐத் தாண்டினால் நொதி செத்துவிடும், மிஞ்சுவது கஞ்சி. இறுத்த சாற்றை 60 நிமிடம் கொதிக்கவைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ 30 முதல் 60 கிராம் வரை சேர்ப்பார்கள். மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் ஆவியோடு போகவேண்டிய கந்தகச் சேர்மம் திரும்ப விழுந்து, அவித்த சோளத்தின் வாடை வரும்.

பிறகு வருவதுதான் நம் சீதோஷ்ணத்தில் தொல்லை. சாற்றை 20 டிகிரிக்கு விரைவாகக் குளிர்விக்க வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு, ஆகவே செம்புச் சுருளில் தண்ணீர் விட்டால் மட்டும் ஆகாது, ஐஸ் வேண்டும். ஏல் வகை ஈஸ்ட் 11 கிராம் பொட்டலம் ஒன்றைத் தூவி 18 முதல் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் விடுவார்கள். லாகர் வகைக்கு 8 முதல் 12 டிகிரி. லாகர் என்பதே ஜெர்மன் மொழியில் 'கிடப்பில் வை' என்ற பொருள்தான், குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிவதால் அந்தப் பெயர். குளிர்சாதனம் இல்லாமல் 30 டிகிரியில் விட்டால் ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்து கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். பெயின்ட் கலக்கும் தின்னர் வாடை அதனால்தான். சாற்றின் அடர்த்தி அடர்த்திமானியில் 1.050இல் தொடங்கி 1.012இல் நின்றால் வித்தியாசத்தை 131ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்கஹால். அடர்த்தி இறங்கி நிற்குமுன் புட்டியில் அடைத்து, லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரையும் போட்டு மூடினால் புட்டி வெடிக்கும். இவ்வளவும் படத்தைப் புரிந்துகொள்வதற்குத்தான். மலேசியாவில் மது தயாரிக்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.

இத்தனை வேலையையும் அடக்கும் ஒரே வினை தமிழில் உண்டா? உண்டு, அதுவும் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் செய்யும் முறை அடுத்தடுத்துச் சொல்லப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, 'நல்லடை' கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் 'விளைந்த' பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நல்லடை என்பதற்கு நெல்முளை என்று உரை சொல்வர். முளை, ஆற்றுதல், காத்திருப்பு, இறுப்பு எல்லாம் இருக்கின்றன. கொதிக்கும் வாற்கோதுமைச் சாறும் ஹாப்ஸும்தான் இல்லை. அதே பாட்டில் வீட்டில் அட்ட, அதாவது சமைத்த, கள்ளுக்குத் 'தோப்பி' என்று பெயர். உரைகாரர் அதை நெல்லால் செய்த கள் என்கிறார். தானியத்தில் பிறந்த மது என்ற வகையில் பீருக்கு நேர் உறவு இதுதான்.

கவனிக்க வேண்டிய வினை 'விளைதல்'. வயலில் நெல் விளைகிறது, உப்பளத்தில் உப்பு விளைகிறது, சாடியில் கள் விளைகிறது. மனிதர் சூழலை அமைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, பொருள் தானே ஆகிவருவதைச் சொல்லும் வினை அது. ஈஸ்டின் வேலையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. 'நொதித்தல்' அறிவியல் பாடத்துக்கு நல்ல சொல், அந்த ஒரு கட்டத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். முழுத் தொழிலுக்கும் பீர் விளைவித்தல், ஆலைக்கு விளைவகம், செய்பவருக்கு விளைவிப்பவர். 'ஊறல்' என்ற சொல்லைத் தனியாகப் போட வேண்டாம். கள்ளச்சாராயச் செய்திகளில் அடிபட்டு அதன் பெயர் கெட்டுவிட்டது. 'வெந்நீர் ஊறல்' என்று அடைமொழியோடு போட்டால் தப்பில்லை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கே விற்கும் பீர் டின்னைத் திருப்பிப் பாருங்கள், மலாயில் 'அராக்' என்று எச்சரிக்கை இருக்கும். அரபியில் 'அரக்' என்றால் வியர்வை. வடிகலத்தில் துளித்துளியாக வியர்ப்பதால் வடித்த மதுவுக்கு அந்தப் பெயர் வந்தது. வியர்க்காத பீருக்கும் அதே முத்திரை. சட்டத்துக்கு ஒரே பொதுச்சொல் போதும். 2017 டிசம்பர் முதல் வாங்குவதற்கான வயது 21 என்பதும் இரண்டுக்கும் பொதுதான். வரியோ ஆல்கஹாலின் அளவைப் பார்க்கிறது. 2016இல் வந்த கணக்குப்படி பீருக்கு ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 175 ரிங்கிட்டாக இருந்தது. 330 மில்லிலிட்டர், 5 விழுக்காடு உள்ள டின்னுக்கு அது 2 ரிங்கிட் 89 சென் ஆயிற்று. "ஒரு டின்னுக்கு இவ்வளவா?" என்று வாயைப் பிளப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம்.

இனி தென்னங்கள். அது கிராஃப்ட் பீரா? பீர் அன்று. பாளைச் சாற்றில் சர்க்கரை முன்பே இருக்கிறது. முளைகட்ட வேண்டாம், மாவுச்சத்தை உடைக்க வேண்டாம், ஈஸ்ட் வாங்கவும் வேண்டாம். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். இந்த வகையில் அதற்குப் பக்கத்து உறவு பெல்ஜியத்தின் லாம்பிக் பீர், அதையும் திறந்த தொட்டியில் காற்றிலுள்ள ஈஸ்டிடம் ஒப்படைப்பார்கள். ஆனால் லாம்பிக் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், கள் மறுநாளே காடியை நோக்கிப் போகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் அடங்கிப் பதநீர், தடவாவிட்டால் கள், விட்டுவைத்தால் காடி. ஒரே சாற்றின் மூன்று நிலைக்கு மூன்று தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில், பீருக்கும் சாராயத்துக்கும் 'வடித்தல்' என்ற ஒரே வினையைப் போடுவது சோம்பேறித்தனம். ஆனால் ஒன்று, கள் இறக்குபவரின் கைப்பக்குவத்தை யாரும் மறுக்க முடியாது. பாளையை எவ்வளவு சீவுவது, எந்த நேரத்தில் இறக்குவது என்பதில்தான் கள்ளின் தரம்.

பீர் என்ற சொல்லையே மாற்ற வேண்டுமா? வேண்டாம். கடைக்குப் போய்த் 'தோப்பி' என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அந்தச் சொல்லை அரிசியில் செய்த பீருக்கென்று ஒதுக்கிவைக்கலாம், அங்கே அது கச்சிதமாக உட்காரும். எழுத்தில் 'பியர்' என்றும் 'பீர்' என்றும் இரண்டு வழக்கு உண்டு. பேச்சுக்கு நெருக்கமானது பீர். சங்கத் தமிழில் அந்த வடிவத்தில் வேறொரு சொல் முன்பே இருப்பதால் மோதும் என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் 'பீர்' பீர்க்கங்கொடி. காதலனைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலைக்கு அதன் மஞ்சள் பூவை உவமை சொல்வார்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றிய லாகரின் நிறமும் ஏறக்குறைய அதுதான் என்பதால், அந்த மோதலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.