வாங்குவதற்கு முன் கேட்க வேண்டும்: காவல் துறையின் இராணுவக் கருவிகளும் கலிஃபோர்னியாவின் சட்டமும்

டேவிஸ் என்பது கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழக நகரம். சைக்கிள் ஓட்டுவோருக்குப் பேர்போன அவ்வூரில் 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 65,000 பேர் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு, அமெரிக்க இராணுவத்தின் உபரிக் கையிருப்பிலிருந்து கண்ணிவெடியைத் தாங்கும் கவச வாகனம் ஒன்று அந்நகரக் காவல் துறைக்கு வந்து சேர்ந்தது. அதன் மதிப்பு 6,89,000 டாலர். ஆனால் வாகனத்துக்கென்று காவல் துறை விலை ஏதும் கொடுக்கவில்லை. வாகனம் வந்த பிறகுதான் நகர மன்றத்தில் அதைப் பற்றிய விவாதம் எழுந்தது. ஆகஸ்டு மாத இறுதியில் கூடிய மன்றம், பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டபின், அந்த வாகனத்தை விட்டொழிப்பதற்கான வழியை 60 நாட்களுக்குள் கண்டு சொல்லுமாறு நகர நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது.

எம்ராப் என்று அழைக்கப்படும் இவ்வகை வாகனம் எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை அறிந்தால்தான் டேவிஸ் மக்களின் திகைப்பு விளங்கும். ஈராக்கில் சாலையோரம் புதைக்கப்பட்ட வெடிகுண்டுகளால் அமெரிக்கப் படைவீரர்கள் பெரும் எண்ணிக்கையில் இறந்தபோது, 2007 முதல் பெண்டகன் இவற்றை அவசரமாக வாங்கிக் குவித்தது. இவ்வாகனத்தின் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல், படகின் அடிப்பாகத்தைப்போல நடுவில் கூர்ந்து, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் இருக்கும். தட்டையான அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தை நேராக வாங்கிக்கொள்ளும். சாய்வான அடிப்பகுதி அதை இரு பக்கமும் சிதறடித்துவிடும். தரைக்கும் வாகனத்துக்கும் இடையிலான உயரம் கூடக்கூட அழுத்தம் மேலும் குறையும். இந்த உயரமும் பத்து டன்னைத் தாண்டும் எடையும் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகின்றன. அதே உயரத்தால்தான் வளைவுகளில் கவிழும் அபாயமும் கூடுகிறது. போர்க்களத்தின் மிகக் குறிப்பான ஒரு தேவைக்குச் சொல்லப்பட்ட மிக நல்ல விடை இந்த வாகனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கண்ணிவெடியே இல்லாத ஒரு நகரத்தின் தெருவில் அது எந்தக் கேள்விக்கு விடை என்பதை யாராவது முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம், கருவிகள் வந்து சேரும் பாதை அமைந்திருந்த விதம். போதைப்பொருள் ஒழிப்பை முன்னிட்டு, இராணுவத்தின் உபரிப் பொருட்களை உள்ளூர்க் காவல் துறைகளுக்கு வழங்க அமெரிக்க நாடாளுமன்றம் 1990ஆம் ஆண்டையொட்டி அனுமதி அளித்தது. 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் 1033ஆம் பிரிவு அதை நிலையான திட்டமாக்கியது. இன்றும் அதை ‘1033 திட்டம்’ என்றே சொல்கிறார்கள். காலணி, போர்வை, மேசை நாற்காலி முதல் துப்பாக்கி, ஹெலிகாப்டர், கவச வாகனம் வரை இதன் வழியே கைமாறியிருக்கின்றன. முதலில் வாங்கிய விலையில் கணக்கிட்டால், இதுவரை வழங்கப்பட்டவற்றின் மதிப்பு 700 கோடி டாலரைத் தாண்டும். ஆயுதங்களும் கவச வாகனங்களும் ‘கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருட்கள்’ என்ற வகையில் சேரும். அவற்றின் உரிமை பாதுகாப்புத் துறையிடமே இருக்க, காவல் துறை அவற்றை இரவலாகத்தான் பெறுகிறது. கொண்டுவரும் செலவும் பராமரிப்புச் செலவும் மட்டும் பெறுபவரைச் சேரும். பெற்ற கருவியை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றொரு விதியும் உண்டு. வீணாகக் கிடக்கக்கூடாது என்ற நோக்கில் எழுதப்பட்ட விதிதான். ஆயினும் பயன்படுத்துவதற்கான காரணத்தைத் தேடத் தூண்டும் விதியாகவும் அது மாறக்கூடும்.

இந்தப் பாதையில் விலை என்ற தடை இல்லை. பொதுவாக ஒரு நகராட்சித் துறை பெரிய கருவி ஒன்றை வாங்க விரும்பினால், வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு நிதி கேட்க வேண்டும்; மன்றத்தில் யாராவது எழுந்து ‘ஏன்?’ என்று கேட்பார்கள். நிதி கேட்கும் தேவையே இல்லாதபோது அந்தக் கேள்வியும் எழாமல் போகிறது. மத்திய அரசின் மானியங்களைக் கொண்டு தனியார் நிறுவனங்களிடம் கவச வாகனம் வாங்கும்போதும் ஏறக்குறைய இதே நிலைதான்.

சரி, கொடுக்கும் இடத்திலாவது கண்காணிப்பு இறுக்கமாக இருந்ததா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017இல் இதைச் சோதித்துப் பார்த்தது. இல்லாத ஒரு காவல் அமைப்பின் பெயரை உருவாக்கி, அதன் பெயரில் இத்திட்டத்துக்கு விண்ணப்பித்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இரவில் பார்க்க உதவும் கண்ணாடிகள், பயிற்சிக்கான போலித் துப்பாக்கிகள், போலிக் குழாய்வெடிகள் என்று ஏறத்தாழ 12 லட்சம் டாலர் மதிப்புள்ள 100க்கும் மேற்பட்ட பொருட்கள் அந்த இல்லாத அமைப்புக்கு வழங்கப்பட்டன. இந்தச் சோதனையைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கவலையே மேலிடுகிறது.

வாஷிங்டனின் நிலைப்பாடும் நிலையாக இருந்ததில்லை. 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கூசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களில், கவச வாகனங்களின் மீதிருந்து காவலர்கள் மக்களை நோக்கித் துப்பாக்கியைக் குறிவைத்த படங்கள் உலகெங்கும் பரவின. ஒபாமா 2015இல் பீரங்கி வண்டியைப்போலச் சங்கிலிப் பட்டையில் ஓடும் கவச வாகனம், துப்பாக்கி முனைக்கத்தி, எறிகுண்டு ஏவி உள்ளிட்ட சிலவற்றுக்குத் தடை விதித்தார். டிரம்ப் 2017இல் அதை நீக்கினார். பைடன் 2022இல் மீண்டும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார். 2025இல் அவையும் நீக்கப்பட்டன. அதிபரின் ஆணையால் வருவது அடுத்த அதிபரின் ஆணையால் போய்விடும் என்பதால், கண்காணிப்பு வேறு இடத்தில் வேரூன்ற வேண்டியிருந்தது.

அந்த வேறு இடம் உள்ளாட்சி. இந்தியாவில் காவல் துறை மாநில அரசின் பொறுப்பில் உள்ளது. நகராட்சி மன்றத்தில் காவல் நிலையத்தைப் பற்றித் தீர்மானம் போட்டு ஆவது ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நகரங்களுக்கும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களுக்கும் உரியவை. அவற்றின் சம்பளமும் செலவும் உள்ளாட்சியின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வருகின்றன. ஆகவே கேள்வி கேட்கும் உரிமை அங்கே முன்பே இருந்தது; இல்லாதிருந்தது, கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம்.

2021 செப்டம்பர் 30 அன்று கலிஃபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஏபி 481’ என்னும் சட்டம் அந்தக் கட்டாயத்தை உருவாக்கியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த டேவிட் சியு இதை முன்மொழிந்தார். இச்சட்டம் எந்தக் கருவியையும் தடை செய்யவில்லை. அது மாற்றியமைத்தது வரிசையை: முதலில் கேட்க வேண்டும், பிறகே வாங்க வேண்டும். 1033 திட்டத்துக்கு விண்ணப்பிப்பதற்கும், நிதி தேடுவதற்கும், வாங்குவதற்கும், இரவல் பெறுவதற்கும், வாடகைக்கு எடுப்பதற்கும், கையிலுள்ள கருவியைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதற்கும் முன்னால் காவல் துறை தன் ஆளும் மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். பக்கத்து நகரத்தின் காவல் படையைத் துணைக்கு அழைத்து, அவர்களின் கருவிகளைத் தன் எல்லைக்குள் இறக்குவதற்கும் இது பொருந்தும். இந்த வாசகம் இல்லாவிட்டால், சொந்தமாக வாங்காமலேயே எல்லாவற்றையும் பயன்படுத்திவிடலாம். சட்டத்தை எழுதியவர்கள் கள நடைமுறையை அறிந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று.

ஒப்புதலுக்கு அடிப்படையாக அமைவது ‘பயன்பாட்டுக் கொள்கை’ என்ற ஆவணம். கருவி என்ன, எத்தனை, எவ்வளவு காலம் உழைக்கும், அதன் திறன் என்ன, வாங்கவும் ஆண்டுதோறும் பராமரிக்கவும் ஆகும் செலவு என்ன, எந்தச் சூழலில் பயன்படுத்தலாம், பயன்படுத்துவோருக்கு என்ன பயிற்சி, புகாரை யாரிடம் தருவது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே அதைக் காவல் துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மன்றம் நினைத்தவுடன் கையுயர்த்திவிடவும் முடியாது. காவலர்களையும் மக்களையும் இதே அளவு பாதுகாக்கக்கூடிய நியாயமான மாற்றுவழி வேறில்லை என்றும், கொள்கை மக்களின் நலனையும் குடியுரிமைகளையும் காக்கும் என்றும், விலைக்கு வாங்குவதானால் செலவு நியாயமானது என்றும், முந்தைய பயன்பாடு விதிகளுக்கு உட்பட்டிருந்தது என்றும் மன்றம் தீர்மானித்தாக வேண்டும். ஏற்கெனவே கையில் இருந்த கருவிகளுக்கான ஒப்புதல் நடைமுறையை 2022 மே 1க்குள் தொடங்க வேண்டியிருந்தது. கொள்கையைச் சமர்ப்பித்து 180 நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. முடிவெடுக்காமல் இழுத்தடித்தால் அதன் பலன் காவல் துறைக்குப் போகாது என்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பம்.

இராணுவக் கருவி என்றால் என்ன? சட்டத்தில் மிகவும் சிக்கலான பகுதி இதுவே. ட்ரோன், ஆளில்லாத் தரை வாகனம், கவச வாகனம், கட்டளை மைய வாகனம், வெடிவைத்துக் கதவுடைக்கும் கருவி, கண்ணீர்ப்புகை, கண்ணைக் கூசவைத்துக் காதை அடைக்கும் ஒளியொலிக் குண்டு, நீர்பீரங்கி, நெடுந்தொலைவு ஒலிக்கருவி, 40 மில்லிமீட்டர் ஏவி, ரப்பர் குண்டு என்று நீளும் பட்டியலில் பல, போர்க்களத்தில் பிறந்தவையே அல்ல. எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன செய்யக்கூடியது என்பதைச் சட்டம் பார்ப்பது சரியானது. ஆனால் தாக்குதல் துப்பாக்கிகளைப் பட்டியலில் சேர்த்த அதே வரியில், ‘வழக்கமாக வழங்கப்படும் பணி ஆயுதம்’ என்றால் விலக்கு உண்டு என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காவலருக்கும் வழங்கிவிட்டால் அது வழக்கமான ஆயுதம் ஆகிவிடும் அல்லவா? சில காவல் துறைகள் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கிகளை இந்த விளக்கத்தின் கீழ் பட்டியலுக்கு வெளியே வைத்தன. ஒரு கருவி எவ்வளவு பரவலாகிறதோ அவ்வளவுக்குக் கண்காணிப்பிலிருந்து விலகிப்போகும் என்பது தலைகீழான ஏற்பாடு. இச்சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று கருதுகிறேன்.

ஓட்டைகள் இருந்தாலும் இந்த ஏற்பாடு என்ன செய்யக்கூடும் என்பதைச் சான் ஃபிரான்சிஸ்கோ 2022இன் இறுதியில் காட்டியது. வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்வது போன்ற பணிகளுக்காக அந்நகரக் காவல் துறையிடம் ரோபோக்கள் பல ஆண்டுகளாக இருந்தன. அவை ஆளில்லாத் தரை வாகனங்கள் என்பதால் பட்டியலில் வந்தன. கொள்கையை எழுத வேண்டியதாயிற்று. மன்ற உறுப்பினர் ஏரன் பெஸ்கின், எந்த மனிதர் மீதும் ரோபோவைக் கொண்டு பலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்ற வரியை வரைவில் சேர்த்தார். காவல் துறை அதை அடித்துவிட்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, மற்ற வழிகளைவிட அந்த ஆபத்து விஞ்சும்போது கொல்லும் வழியாகவும் ரோபோவைப் பயன்படுத்தலாம் என்று எழுதியது. இது கற்பனையான நிலை அன்று: 2016 ஜூலையில் டாலஸ் நகரில் ஐந்து காவலர்களைச் சுட்டுக் கொன்ற ஒருவரை, வெடிபொருள் ஏந்திய ரோபோவை அனுப்பிக் காவல் துறை கொன்றிருந்தது.

நவம்பர் 29 அன்று, மேற்பார்வையாளர் மன்றம் எனப்படும் அந்நகர மன்றம் எட்டுக்கு மூன்று என்ற வாக்கில் இதை ஏற்றது. ஆனால் அந்நகரில் ஒரு சட்டம் நிறைவேற இரண்டு முறை வாக்கெடுக்க வேண்டும். இரண்டாவது வாக்கெடுப்பு பெரும்பாலும் சடங்காகவே முடியும். இடைப்பட்ட ஒரு வாரத்தில் நகர மண்டபத்தின் முன் மக்கள் திரண்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. டிசம்பர் 6 அன்று மன்றம் தன் முடிவைத் திரும்பப் பெற்று, அத்தகைய பயன்பாட்டைத் தற்போதைக்குத் தடை செய்து, விவாதத்தைக் குழுவுக்கே அனுப்பியது. அந்த ஒற்றை வரி ஓர் உள்துறைக் கையேட்டில் எழுதப்பட்டிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஏபி 481இன்படி காவல் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய அறிக்கை, வாக்கெடுப்பைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. அறிவியல் நோக்கில் அதுவே முக்கியமானது. கருவி எப்படிப் பயன்பட்டது, என்ன புகார்கள் வந்தன, உள்தணிக்கையில் என்ன விதிமீறல்கள் தெரிந்தன, எவ்வளவு செலவானது, அடுத்த ஆண்டு என்ன வாங்க உத்தேசம் என்பவற்றை அதில் சொல்ல வேண்டும். வெளியிட்ட 30 நாட்களுக்குள், மக்கள் எளிதில் வரக்கூடிய இடத்தில் கூட்டம் நடத்தி, அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கொள்கைக்கு ஒப்புதல் அளித்துத் தான் இயற்றிய உள்ளூர்ச் சட்டத்தை மன்றம் ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்து வாக்கெடுக்க வேண்டும்.

இத்தகைய பதிவுகள் இல்லாதபோது அறிவியல் தடுமாறியதைக் கண்டிருக்கிறோம். 1033 கருவிகள் குற்றங்களைக் குறைத்தன என்று 2017இல் வெளிவந்த இரண்டு பொருளாதார ஆய்வுகள் கூறின. பின்னர் வேறு ஆய்வாளர்கள், எந்தக் காவல் அமைப்பிடம் எந்தக் கருவி இருந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டும் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது அந்தப் பலன் தென்படவில்லை.

மேரிலாந்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2008இல் பெர்வின் ஹைட்ஸ் என்னும் சிற்றூரின் மேயர் வீட்டுக்குள், அவர் எந்தக் குற்றமும் செய்யாத நிலையில், ஷெரிஃப் எனப்படும் கவுண்டிக் காவல் அதிகாரியின் ஸ்வாட் படை (ஆயுதம் தாங்கிய சிறப்பு அதிரடிப் படை) கதவை உடைத்து நுழைந்து அவருடைய இரண்டு நாய்களையும் சுட்டுக் கொன்றது. அதன் விளைவாக, ஒவ்வொரு ஸ்வாட் நடவடிக்கையையும் பதிவுசெய்து தெரிவிக்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த ஜொனாதன் மம்மோலோ, அந்த நடவடிக்கைகளில் சுமார் 90 சதவீதம் தேடுதல் ஆணையை நிறைவேற்றவே நடந்தன என்றும், குற்ற விகிதத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளிலேயே அவை கூடுதலாக நடந்தன என்றும் 2018இல் காட்டினார். பணயக் கைதிகளையும் துப்பாக்கிதாரிகளையும் எதிர்கொள்ளவே இப்படை என்ற பொது எண்ணத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த தூரம் அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது.

மேரிலாந்தின் அந்தப் பதிவுக் கடமை காலவரம்புடன் இயற்றப்பட்டிருந்தது. 2014இல் அது காலாவதியானது, தரவுகளும் அத்துடன் நின்றுபோயின. கலிஃபோர்னியச் சட்டத்தில் அப்படிப்பட்ட தேதி இல்லை. கருவி பயன்பாட்டுக்குக் கிடைக்கும் காலம் முழுவதும், அதை அந்த ஆண்டில் ஒருமுறைகூட வெளியே எடுக்காவிட்டாலும், அறிக்கை வெளிவந்தாக வேண்டும்.