மடிவிரி: கோடெக்குக்கு ஒரு சொல்

சென்ற வாரம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் என் எடிட்டிங் கடைக்கு வந்தார். கையில் பென்டிரைவ், முகத்தில் கோபம். அவர் மகள் கல்யாண வீடியோவை முடித்துக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "மீதிப் பணத்தை அன்னைக்கே எண்ணிக் கொடுத்துட்டேனே தம்பி. அப்புறம் எதுக்கு வீடியோவைப் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்றார்.

உட்கார வைத்து விசாரித்தேன். ஏற்காடு ஏரியில் படகில் போனபோது மாப்பிள்ளை வீட்டார் போனில் எடுத்த ஒரு துண்டை, என் வீடியோவின் கடைசியில் ஒட்டப் பார்த்திருக்கிறான் அவர் பையன். அந்த மென்பொருள் தமிழில் கேட்டிருக்கிறது: "மறைகுறி பொருந்தவில்லை. தொடரவா?" இவன் தொடர்ந்திருக்கிறான். என் பகுதி ஒழுங்காக ஓடி, ஏரி வரும் இடத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. துடுப்புச் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்டன. "மறைகுறி பொருந்தவில்லை" என்பதைப் படித்த மனிதர் கடைக்காரன் ரகசியக் குறி போட்டுப் பூட்டிவிட்டான் என்று நினைத்தார். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தவறு முழுக்க மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

வீடியோவையும் ஒலியையும் சிறிதாக்கி வைத்து, ஓட்டும்போது மறுபடி விரிக்கும் முறைக்குப் பெயர் கோடெக். அதற்கு மறைகுறி, மறைகுறியாக்கி என்ற சொற்களை மெனுக்களிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளிது. கோடர், டிகோடர் இரண்டின் தலைகளையும் ஒட்டியது கோடெக். மோடம் பிறந்ததும் இதே வழியில்தான். பேச்சொலியை எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் ஒலியாக்கும் தொலைபேசிக் கருவிகளுக்கு இந்தப் பெயர் வழங்கியது. பிறகு வீடியோவுக்கும் வந்தது. கோட் என்பதன் மூலம் லத்தீனின் கோடெக்ஸ்: முதலில் மரத்துண்டு, பிறகு எழுதும் பலகை, பிறகு ஏடு, சட்டநூல்.

சிக்கல் கோட் என்ற சொல்லில்தான். ஆங்கிலத்தில் அது ரகசியக் குறியையும் சுட்டும், வெறும் குறியீட்டு ஒழுங்கையும் சுட்டும். மோர்ஸ் கோட் யாரிடமிருந்து எதை மறைத்தது? தந்தி ஆபீசில் கற்றுக்கொண்ட எவரும் வாசிக்கலாம். யூனிகோடை நாம் ஒருங்குறி என்றோம். ஒருங்குமறை என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எழுத்துக்கு குறியாக்கம் என்று சரியாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, வீடியோ என்றதும் மறை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? அகராதியில் கோட் என்பதற்கு எதிரே கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். வங்கிச் செயலி நம் கடவுச்சொல்லைப் பிறர் படிக்காதபடி மாற்றுகிறதே, அது மறையாக்கம். அங்கே அந்தச் சொல் பொருத்தம், தேவையும்கூட. அதே மறையைக் கோடெக்குக்கும் கொடுத்தால் இரண்டு இடத்திலும் பொருள் கெடுகிறது.

கீ ஃபிரேமுக்கு வந்த கதி இன்னும் மோசம். அதைத் திறவுகோல் சட்டகம் என்று போட்டிருப்பதைக் கண்டேன். கீ என்றால் அங்கே சாவி இல்லை. கார்ட்டூன் படத்தில் தலைமை ஓவியர் வரையும் முதன்மைப் படங்களுக்குப் பெயர் அது. இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். வீடியோவிலும் அதே ஏற்பாடு. ஒரு படம் முழுதாக இருக்கும், அடுத்து வருபவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். முழுச்சட்டகம் என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். மறைகுறி, திறவுகோல் இரண்டும் ஒரே மெனுவில் இருந்தால் பார்ப்பவருக்குப் பெட்டகம்தான் நினைவுக்கு வரும். மொழிபெயர்ப்பவர்கள் சொற்களை அட்டவணையில் வரிசையாக வாங்கி, திரையைப் பார்க்காமலே நிரப்பி அனுப்பும் வேலைமுறை மாறாதவரை இது தீராது.

இந்தக் குழப்பம் ஃபிலிம் காலத்தில் இல்லை. சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படநிறுவனத்தின் வளைவு இன்னும் நிற்கிறது. 1930களில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் காலத்தில் சுருளை வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி ஒட்டினால் ஓடும். ஒவ்வொரு சட்டகமும் முழுப் படம். இன்று 1920-க்கு 1080 அளவில் நொடிக்கு 25 படங்களை அப்படியே வைத்தால் நொடிக்கு 155 மெகாபைட் ஆகும். அதனால் மடித்துத்தான் வைக்க வேண்டும்.

மடித்து என்றேன். நான் சொல்ல வந்த சொல்லும் அதுதான். எங்கள் சேலத்து வெண்பட்டு வேட்டி எட்டு முழம்; மடித்தால் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும், உடுத்தும்போது விரிப்போம். கோடெக் செய்வது மடிப்பதும் விரிப்பதும். ஆகவே மடிவிரி. வரவுசெலவு போல எதிரெதிரான இரண்டு செயல்கள் ஒரு சொல்லில் நிற்கின்றன, ஆங்கிலச் சொல்லிலும் இருப்பவை அவையே. சுருக்கி என்பார் உண்டு. அது பாதி வேலையைத்தான் சொல்கிறது, ஜிப் கோப்போடும் குழம்பும். பொதிமுறை எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் பொதி என்பது, மடித்த படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் போட்டு வைக்கும் எம்பி4, எம்கேவி போன்ற கலன்களுக்குப் பொருந்துவது. எம்பி4தான் கோடெக் என்று நினைப்பவர்கள் ஏற்கெனவே ஏராளம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழத்தோடு காயவைத்த செர்ரியும் தோலுரித்துக் கழுவிய பார்ச்மென்ட்டும் ஒரே மாதிரிச் சாக்கில் வரும். சாக்கைப் பார்த்து உள்ளே இருப்பதை எப்படிச் சொல்வது?

பெரியவர் கொண்டு வந்ததும் அதுதான். இரண்டு கோப்பும் எம்பி4. கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் போட்டுக் காட்டினேன். என்னுடையது 2003-இல் வந்த எச்.264 என்ற கோடெக், நொடிக்கு 25 படம், ஒலியின் மாதிரிவேகம் 48,000 ஹெர்ட்ஸ். போன் துண்டு 2013-இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரும், ஆனால் மடிக்கும் விதமே வேறு. படவேகமும் சீராக இல்லை, 30-ஐ ஒட்டி ஏறி இறங்கியது, ஒலி 44,100. மறுபடி மடிக்காமல் அப்படியே ஒட்ட வேண்டுமானால் இவை எல்லாம் ஒத்திருக்க வேண்டும், படத்தின் நீள அகலமும் சேர்த்து. போன் துண்டை மட்டும் எச்.264, 25, 48,000 என்று மாற்றினேன். ஒட்டியதும் படகு நகர்ந்தது. பெரியவர் பேத்தியின் குரலைக் கேட்டுக்கொண்டே டீ குடித்தார்.

மடிப்பில் துணி குறையாது, கோடெக்கில் தரம் குறைகிறதே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நெசவு வீட்டில் வளர்ந்தவன் நான். பட்டை ஒரே தடத்தில் மடித்து மடித்து வைத்தால் அந்த இடத்தில் ஜரிகை இற்றுப்போகும். வீடியோவும் ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் கொஞ்சம் இற்றுப்போகிறது, அதனால்தான் என் பகுதியைத் தொடாமல் போன் துண்டை மட்டும் மாற்றினேன்.

கடையில் கோடெக் என்றே பேசுவோம், அதில் எனக்கு வருத்தமில்லை. எழுத்தில் தமிழ் வேண்டுமென்றால் மடிவிரி என்று எழுதுங்கள். என்கோடு மடித்தல், டிகோடு விரித்தல், டிரான்ஸ்கோடு மறுமடிப்பு. இப்போது நான் கொடுக்கும் ஒவ்வொரு பென்டிரைவோடும் ஒரு சீட்டு போகிறது: கலன் எம்பி4, மடிவிரி எச்.264, படவேகம் 25, ஒலி 48,000.