கேட்காமலே கிடைக்கும் துணை

தங்கை வெளிநாட்டில் குடியேறி ஆறு மாதமாகிறது, தினமும் பேசுகிறோம், “என்ன கஷ்டம்னாலும் சொல்லு” என்கிறோம், அப்படியும் வாடிப்போயிருக்கிறாளே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த “சொல்லு” என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கலாம்.

மூளை ஒன்றை ஆபத்து என்று கணித்ததும் மூளையிலுள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி வழியாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போய் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. இது பள்ளிப் பாடம். குடியேறியவருக்கு, முன்பு யோசிக்காமல் செய்த காரியமெல்லாம் இந்தக் கணிப்புக்கு வந்துவிடுகிறது. மேலதிகாரி சிரித்தால் சம்மதமா, மறுப்பா? அரசு அலுவலகக் கடிதம் வெறும் தகவலா, எச்சரிக்கையா?

துணை இங்கே இரண்டு இடங்களில் குறுக்கிடுகிறது என்று 1985-இல் உளவியலாளர்கள் கோஹனும் வில்ஸும் விளக்கினார்கள். கணித்த பிறகு உதவி வந்து பாரத்தைக் குறைப்பது ஒன்று. கணிப்பையே மாற்றுவது இன்னொன்று: ‘நமக்கு ஆள் இருக்கிறது’ என்ற நினைப்பு இருந்தால் அதே கடிதம் அவ்வளவாக மிரட்டாது. இதற்கு உதவி வந்துசேரக்கூட வேண்டாம். கிடைத்த உதவியைவிட, கிடைக்கும் என்ற நம்பிக்கையே மனநலத்தோடு உறுதியாக ஒட்டிவருகிறது.

இதை உடலிலேயே காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2007-இல் உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் குழுவினரும் அமெரிக்காவில் செய்தது. மனக்கணக்கு, மேடைப்பேச்சு என்று பதற்றமூட்டும் வேலைகளைக் கொடுத்தார்கள். அதற்கு முன் சிலர், நெருங்கிய ஒருவரிடம் ஆலோசனையும் ஆதரவும் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். வேறு சிலர் தங்களுக்கு நெருக்கமான கூட்டத்தைப் பற்றி எழுதினால் போதும். எதுவும் கேட்க வேண்டாம். பிறகு எச்சிலில் கார்டிசாலை அளந்தார்கள். ஐரோப்பிய வழியினருக்குக் கேட்டு எழுதியது இதமாக இருந்தது. ஆசிய வழியினருக்கு நேர்மாறு: கேட்டவர்களிடம் கார்டிசால் கூடுதல், உறவுகளை நினைத்து எழுதியவர்களிடம் குறைவு. வாய்விட்டுக் கேட்டால் மற்றவருக்குப் பாரமாவோம், மதிப்பு குறையும் என்ற கூச்சமே இரண்டாவது அழுத்தமாகிவிடுகிறது. மூன்று சுரப்பிகளின் ஓட்டத்துக்குள் ஒரு பண்பாடு இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆகவே தங்கையைத் துருவ வேண்டாம். வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள், சின்ன முடிவுகளுக்கு அவள் யோசனையைக் கேளுங்கள்; தன் இடம் அப்படியே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும். ஆனால் படிவம் நிரப்பத் திணறுபவருக்குப் பாசம் மட்டும் போதாது. வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். முன்பே வந்த நம்மவர் ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர் என்று இரு பக்கமும் பழக்கம் வேண்டும். கேட்டு வாங்கக் கூசுபவருக்கு, வாரம் ஒருநாள் கூடும் மொழி வகுப்போ விளையாட்டுக் குழுவோ நல்ல வழி. அங்கே உதவி பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.

குடியேறியவர்களின் மனநலத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கான நிதியில் மொழிபெயர்ப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வினாத்தாள் குடியேறிய நாட்டின் மொழியில் மட்டும் இருந்தால், அதிகம் தவிப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மொழி தடையென்றால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு உட்கார வைத்தால், எந்தத் தாயும் அவர்கள் காதுபட உண்மையைச் சொல்லத் தயங்குவாள். மருத்துவர் கைக்குப் பாதி அறிகுறிகளே போய்ச் சேரும்.