அம்மாயியிடம் வளரும் பிள்ளைக்கு எந்தக் கடதாசி வேண்டும்?

அம்மாயி சொப்பிங் பையை என் முன்னால் கவிழ்த்தார். அடுப்புப் புகையில் ஓரம் பழுப்பேறிய கிளினிக் கார்ட், மகளின் பழைய போட்டோ ஒன்று, ஜே.பி. (சமாதான நீதவான்) முத்திரை குத்திய நாலு வரிக் கடிதம். 'என் மகளை என் தாயாரின் பொறுப்பில் விட்டுச் செல்கிறேன்' என்று அதில் இருந்தது. அதை எழுதி வாங்க இரண்டாயிரம் ரூபாய் செலவு. பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அம்மா கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். அப்பா வேறு குடும்பத்தோடு வேறு தேயிலைத் தோட்டத்தில்.

தீபாவளிக்கு வந்த அம்மா, 'பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன், ஒரு நல்ல வீட்டுல நிக்கட்டும்' என்றிருக்கிறார். அம்மாயி பொலிசுக்கு ஓடினார். 'பெத்தவதானே, கூட்டிட்டுப் போகட்டும்' என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஜே.பி. கடிதத்தை ஒருவரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படி ஒரே மாதிரி பையோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜே.பி. கடிதம், நொத்தாரிசு கடிதம், தோட்ட ஆபீஸ் கடிதம் என்று எது இருந்தாலும் பிள்ளையின் பொறுப்பு சட்டப்படி உங்களுக்கு வந்துவிடாது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் 'இவரும் அவரும் ஒரே ஆள்தான்' என்று காட்ட சத்தியக் கடதாசி உதவும். பிள்ளையைத் தக்கவைக்க அது உதவாது.

உதவுவது நீதவான் நீதிமன்றம் கொடுக்கும் கட்டளை. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் அது இருக்கிறது. சரியான பராமரிப்பு இல்லாத பிள்ளையை, பொறுப்பேற்க முன்வரும் பொருத்தமான ஒருவரிடம் நீதவான் ஒப்படைக்கலாம். அவர் சொந்தக்காரராகவும் இருக்கலாம். கோர்ட் வாசலில் இதை 'ஃபிட் பேர்சன் ஓடர்' என்பார்கள். இது கையில் இருந்தால் பிள்ளையைக் கேட்டு வருகிறவர், பெற்ற தாயாகவே இருந்தாலும், கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் நின்று சத்தம் போட்டுக் கூட்டிப் போக முடியாது.

இவ்வளவு சொன்னதும் எல்லாரும் பயப்படுவது ஒரே விஷயத்துக்குத்தான்: 'கோர்ட்டுக்குப் போனா பிள்ளையை ஹோம்ல போட்டுருவாங்க.' இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அப்படி நடந்த குடும்பங்களும் உண்டு. ஆனாலும் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்புக் கொள்கையே சொல்கிறது. பிள்ளை நன்றாக இருக்கும்போதே நீங்களாகப் போய்க் கேட்டால், பொறுப்பான ஆள் என்ற பெயரோடு போகிறீர்கள். தகராறு முற்றி பொலிஸ் ஜீப்பில் பிள்ளை கோர்ட்டுக்குப் போகும் நாளில் அந்த இடம் உங்களுக்கு இருக்காது.

சரி, யாரிடம் போவது? உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்துக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தரிடம். வீட்டுக்கு வந்து பார்த்து, பிள்ளையிடமும் பேசி, நீதவானுக்கு அறிக்கை கொடுப்பவர் அவர். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். வாசலில் இருப்பவரிடம் 'பிள்ளை விஷயமா வந்தோம்' என்று பொதுவாகச் சொன்னால் ஏதாவது ஒரு வரிசையில் நிறுத்திவிடுவார்கள். பதவிப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இனி அலைச்சல். கிராம சேவகர் 'தோட்டத்து ஆள்தானே, தோட்ட ஆபீஸில் கடிதம் வாங்கிட்டு வாங்க' என்பார். தோட்ட ஆபீஸில் 'பிள்ளை எங்க பதிவில் இல்லை' என்பார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் 'இது உங்க பிரிவு இல்லை'. நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தாக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் பத்தாகிவிட்டன. அடையாள அட்டையில் அம்பகமுவ என்று இருக்கும், இப்போது நோர்வூட் பிரிவில் இருப்பீர்கள். போகும் முன்பே கிராம சேவகரிடம் உங்கள் பிரிவு எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை மாறிப் போனாலும் ஒரு பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) போச்சு. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம் என்பது தெரிவதே இல்லை.

வாய்ப்பேச்சாக விடாதீர்கள். ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி, இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் 'கிடைத்தது' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 'சிங்களத்தில் கொண்டு வாங்க' என்று திருப்பி அனுப்பினால், அரச அலுவலரோடு தமிழில் கடிதம் பரிமாறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருப்பதற்குக் கீழே மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். வாசித்துச் சொல்ல ஆள் கூட்டிவரும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

தகுதி இல்லை என்று சொல்லி அனுப்பும் பேச்சுகள் வேறு சில உண்டு. 'அம்மா உயிரோட இருக்காங்களே, அநாதை இல்லையே' என்பது ஒன்று. பெற்றோர் இறந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, பிள்ளையைச் சரியாகப் பார்க்காத பெற்றோரையும் அது கணக்கில் எடுக்கிறது. 'அம்மாவோட கையெழுத்து வேணும்' என்பது அடுத்தது. ஆளைக் காணவில்லை, போன் இல்லை என்பதையும் நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கையில் எழுதலாம். அந்தக் கையெழுத்துக்காகக் கொழும்பெல்லாம் தேடி அலைய வேண்டாம். லயக் காம்பரா சின்னது என்பதும் உங்களைத் தள்ளிவிடும் காரணம் அல்ல. பிள்ளை படுக்கும் இடம், கொப்பி புத்தகம் வைக்கும் இடம் இரண்டையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர் அதைத்தான் பார்ப்பார். அம்மாயிக்கு வயது கூட என்றால் மாமாவோ சித்தியோ சேர்ந்து பொறுப்பேற்பதாக முதலிலேயே எழுதுங்கள்.

இவற்றையெல்லாம் விடச் சிக்கலானது, வந்து வந்து போகும் தாயோ தகப்பனோதான். தீபாவளிக்கு ஒரு சட்டை, எப்போதாவது மூவாயிரம் ரூபாய், 'அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று ஒரு போன். உடனே ஆபீஸில் 'கைவிடல்லையே' என்று கோப்பை மூடிவிடுவார்கள். இதற்கு மருந்து தேதிகள்தான். அந்த அம்மாயிக்கு எழுதத் தெரியாது. அதனால் சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரில் மகள் வந்த நாளுக்கு வட்டமும், வருவதாகச் சொல்லி வராத நாளுக்குக் கோடும் பேத்தியைப் போடச் சொன்னேன். பதினொரு மாதத்தில் வட்டம் இரண்டு, கோடு ஒன்பது. நன்னடத்தை உத்தியோகத்தர் அந்தக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். காசு வந்த பேங்க் சிட்டை, கிளினிக் கார்டில் நீங்கள் கூட்டிப்போன தேதிகள், பாடசாலைக் கூட்டத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து, எல்லாமே சாட்சிதான்.

யாராவது 'தத்து எடுத்துக்கங்க, சுலபம்' என்பார்கள். அது மாவட்ட நீதிமன்ற வேலை, தாய் தகப்பன் உரிமையையே அறுத்துவிடும் காரியம். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் பேசாமல் அதில் இறங்காதீர்கள். கோர்ட் வாசலில் 'நான் முடிச்சுத் தாரேன்' என்று காசு கேட்பவனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சட்டத்தரணி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் 110க்கு எடுங்கள்.

பாடசாலையில் 'அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பினாலும் விடாதீர்கள். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் உட்காரக் கூடாது. சான்றிதழ் பிரதிக்கும் தாய் வர வேண்டியதில்லை, நீங்களே விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் கிளினிக் கார்டைப் பத்திரப்படுத்துங்கள், காலங்கடந்த பதிவுக்கு அது உதவும். இதைத் தள்ளிப் போட்டால் அடையாள அட்டை, சாதாரண தரப் பரீட்சை என்று எல்லா இடத்திலும் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

செலவுக்கு: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, வசதி இருந்தும் பார்க்காத தாய் தகப்பன் மீது, பிள்ளையை வைத்திருப்பவர் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். தகப்பன் தோட்டத்தில் பேர் போடுகிறவர் என்றால் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் குடும்பத்தை வைத்துக் கணக்கிடுவது. பிள்ளையின் பெயர் இன்னும் தாயின் குடும்பத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் உங்கள் குடும்பத்துக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

பிள்ளையை வேலைக்குக் கூட்டிப் போகப் பார்க்கிறார்கள் என்றால் நன்னடத்தை உத்தியோகத்தர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு எடுங்கள். தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், காசு போகாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பொலிசுக்குப் போகும்போது அந்த இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

கட்டளை கிடைத்த அன்றே ஐந்து போட்டோ கொப்பி எடுங்கள். அதிபருக்கு, கிராம சேவகருக்கு, தோட்ட ஆபீசுக்கு, பொலிசில் சிறுவர் மகளிர் பிரிவுக்கு ஒவ்வொன்று. ஐந்தாவதை அடுத்த லயத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். அசலை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.